கீழத்தெரு ஊருணித் தண்ணீர் குடித்த காரணம்

அருளம்மாளைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் என்னை நானே நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். திட்டியாகிவிட்டது. இனி அவர் கதை.

ஆவூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர். குன்றாண்டார்கோவிலுக்குத் தெற்கே, வேப்பங்குறிச்சிக் கீழத்தெருவில் சந்தனசாமிக்கு வாழ்க்கைப்பட்டார். அந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண் அவர் ஒருவர்தான். சந்தனசாமிக்கு ஊர்த் தலைமைக்காரரான அம்பலம் சோலையப்பனின் வயலில் வேலை. தெருவில் முக்கால்வாசிப் பேருக்கும் அங்கேதான் வேலை.

நான் திருக்கோகர்ணத்துக்காரன். பெயர் ஆத்மநாதன், பி.ஏ. 1960இல் மெட்ராஸிலிருந்து ஒரு புரொபசர் தலைமையில் பல்கலைக்கழகக் குழு இந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கு வந்தபோது என்னைச் சூப்பர்வைசராகப் போட்டார்கள். ஃபாரம் நிரப்பும் வேலைக்கு அருளம்மாள் எனக்குக் கீழே சேர்ந்தார்.

ஆராய்ச்சி நரம்புச் சிலந்தி நோயைப் பற்றியது. ஊருணித் தண்ணீரைக் குடித்து ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் வீங்கிச் சீழ் பிடிக்கும். கீழத்தெருவில் வீட்டுக்கு ஒருவராவது இப்படிக் காலை நீட்டிக் கிடந்தார்கள். மேலத்தெருவில் ஒருவர்கூட இல்லை. மேலத்தெருவில் நல்ல கட்டுக்கிணறு இருந்தது. அதில் கீழத்தெருக்காரர்கள் வாளி போடக் கூடாது. இது அந்த ஊர்க் கோழிக்குஞ்சுக்கும் தெரியும். புரொபசர் மட்டும் ஜீப் ஏறி வந்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஃபாரத்தில் பதினேழாவது கேள்வி இது: 'ஊரில் கிணறு இருக்கும்போது ஊருணித் தண்ணீரை ஏன் குடிக்கிறீர்கள்?' அதற்கு அச்சடித்த பதில்கள் நான்கு. ருசி, தூரம், பழக்கம், தெரியாது. விடமாட்டார்கள் என்று ஒரு பதில் அதில் இல்லை. இந்த ஆராய்ச்சி முடிவைப் பார்த்துத்தான் எந்த ஊருக்குப் புதுக்கிணறு தேவை என்று பிளாக் ஆபீஸில் தீர்மானிப்பதாக இருந்தது. கீழத்தெருவுக்கென்று ஒரு கிணறு வந்துவிட வேண்டும். அருளம்மாள் இந்த வேலைக்கு வந்ததே அதற்காகத்தான்.

விசாரணையை நடத்த எனக்குக் கிடைத்த இடம் அம்பலத்தின் களம். அங்கே நிழல் இருந்தது, நாற்காலி இருந்தது, மோரும் வந்தது. அம்பலம் வெற்றிலை மென்றபடி பக்கத்திலேயே நின்றார். கீழத்தெரு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பதினேழாவது கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்.

"பழக்கமுங்க."

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். நான் ஓணானைப் பக்கத்திலேயே நிற்க வைத்திருந்தேன்.

சாயங்காலம் ஃபாரங்களைப் புரட்டிப் பார்த்தேன். நாற்பத்து மூன்றிலும் அருளம்மாள் பென்சிலால், 'கிணற்றில் விடமாட்டார்கள்' என்று எழுதியிருந்தார்.

"அவங்க அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அம்பலம் நிக்கிறப்ப எப்புடி சார் சொல்லுவாக? நாளைக்கு வேலைக்குப் போக வேணாமா?"

"சொல்லாததை எழுதக் கூடாது, அருளம்மா. இது ஆராய்ச்சி."

"நெசத்த எழுதாட்டி அது என்னா சார் ஆராய்ச்சி?"

என்னிடம் ரப்பர் இருந்தது. நாற்பத்து மூன்றையும் அழித்துவிட்டு மூன்றாவது பதிலில் குறி போட்டேன்.

அருளம்மாள் சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புது ஃபாரங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். அம்பலம் இல்லாத இடத்தில் எல்லோருக்கும் வாய் திறந்தது. நாற்பத்து மூன்று வீட்டிலும் உண்மை வந்தது. அந்த ஃபாரக் கட்டைப் புதுக்கோட்டை டிராவலர்ஸ் பங்களாவில் தங்கியிருந்த புரொபசரிடம் அவரே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன்.

புரொபசர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்களும் அந்தத் தெருதானேம்மா? உங்களுக்குப் பட்சபாதம் இருக்கும். இதைச் சேர்த்துக்கொள்ள முடியாது."

"நோவு எங்க காலுல இருக்கு, கேள்வி ஒங்க கையில இருக்கு. பதிலு மட்டும் அம்பலம் வாயிலருந்துதான் வரணுமாய்யா?" என்றார் அருளம்மாள்.

புரொபசருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். புதன்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டுமே என்று அம்பலம் வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்தவன் நான். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்த வேலை.

புதன்கிழமை ஜீப் வந்து நின்றதும் அருளம்மாள் குடத்தோடு நேராக மேலத்தெருக் கிணற்றுக்குப் போனார். கீழத்தெரு தூரத்தில் நின்றது. அம்பலம் எழுந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ வாளியை எடுத்துத் தன் கையாலேயே நீட்டினார்.

"மொண்டுக்கிட்டுப் போத்தா. யாரு ஒன்னைய வேணாமுன்னது?" என்றவர் புரொபசர் பக்கம் திரும்பினார். "பாத்துக்கிடுங்க சார். நாங்களா தடுக்குறோம்? இதுகளுக்கு ஊருணியிலேயே எறங்கிப் பழகிப்போச்சு."

புரொபசர் தலையாட்டிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அம்பலம் வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்களே, அன்றைக்கு மறைத்தார்கள். பரிமாறிய இலையில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மறுநாள் மிச்சக் காகிதங்களை வாங்கிவரப் போனேன். மேலத்தெருவில் ஏற்றம் கட்டிக் கிணற்றை ஒட்ட இறைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுச்சுவரில் சாணித் தண்ணீர் தெளித்திருந்தது. தீட்டுக் கழிக்கிறார்களாம். சந்தனசாமியை வயலுக்கு வர வேண்டாம் என்று விடியற்காலையிலேயே சொல்லியனுப்பிவிட்டார்கள். அருளம்மாள் தெருமுனையில் எனக்காகக் காத்திருந்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பார்த்தேன்."

"எனக்குப் பட்சபாதம். ஒங்களுக்கு அது இல்லையே! நீங்க எழுதுனா எடுத்துக்கிடுவாகல்ல? எழுதுங்க."

"பார்க்கலாம்" என்றேன்.

எழுதவில்லை. அந்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் புரொபசர் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இதற்கு மேல் என்ன காரணம் சொன்னாலும் அது புளுகு.

ரிப்போர்ட் அச்சாகி வந்தது. வேப்பங்குறிச்சிக்குக் கிணறு தேவையில்லை, சுகாதார அறிவுரைதான் தேவை என்று அதில் இருந்தது. அறிவுரையும் வந்தது. தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொல்லி ஒரு போஸ்டரைக் கீழத்தெரு வேப்பமரத்தில் ஆணியடித்துவிட்டுப் போனார்கள். சந்தனசாமி நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கப் போனார்.

அடுத்த ஆண்டு, அறிவுரையால் எத்தனை பேர் திருந்தினார்கள் என்று எண்ணிவர என்னையே அனுப்பினார்கள். அருளம்மாள் வாசலில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் குச்சி கட்டியிருந்தது. சுற்றிலும் தெரு கூடிவிட்டது. "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஃபாரத்த எடுங்க. சொல்றேன், எழுதுங்க. பேரு அருளம்மாள். வயசு இருவத்தேழு. நரம்புச் செலந்தி. குடிக்கிறது ஊருணித் தண்ணி."

எழுதினேன். பதினேழாவது கேள்வியில் பேனா நின்றது.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க? காரணத்த எழுதுங்க. கெணத்த எறைச்சுக் கழுவுனத சூப்பர்வைசர் ஆத்மநாதன் கண்ணால பாத்தாரு. எழுதல."

அவர் சொன்னபடியே எழுதினேன்.

"வாசிங்க சார். தெருவும் கேக்கட்டும்."

வாசித்தேன். அவர் ஃபாரத்தை வாங்கி, ஒரு தடவை தானும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அடுத்த வீட்டுக்குப் போனேன். ஆரோக்கியமுத்து பெயரைச் சொன்னார், வயதைச் சொன்னார். பதினேழாவது கேள்விக்கு அவரும் அதே காரணத்தைச் சொன்னார். அதற்கடுத்த வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் நாற்பத்து மூன்று ஃபாரத்திலும் என் பெயரை நானே எழுதி முடித்தேன்.