கன்னிமூலை எர்த் குழி

மூன்று பின் பிளக்கைக் கரும்பலகையில் அழகாக வரைய, சேலையூரில் என் அக்கா புருஷனை விட்டால் ஆள் கிடையாது. பத்தாம் வகுப்புக்கு அறிவியல் வாத்தியார். மேலே இருக்கும் தடித்த பின்தான் எர்த். கிரைண்டருக்குள் மின்சாரம் கசிந்து வெளித்தகரத்துக்கு வந்துவிட்டால், அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும், ஃபியூஸும் போய்விடும். எர்த் இல்லையென்றால் தொடுகிற ஆள் வழியாக இறங்கும். இதை எனக்கு டியூஷனில் உருப்போட வைத்தவரே மாமாதான்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் வாஸ்து பைத்தியம் பிடித்து ஆட்டியது. நன்றாக இருந்த சமையலறைகளை இடித்து வேறு மூலையில் கட்டினார்கள். மாமாவும் ஒரு வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். வீட்டைச் சுற்றி வந்தவர், தென்மேற்கு மூலையில் இருந்த எர்த் குழியைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கரியும் உப்பும் கொட்டி, குழாய் இறக்கி, முறையாகப் போட்ட குழி அது. கன்னிமூலையில் பள்ளம் இருந்தால் குடும்பத் தலைவரின் ஆயுளுக்கு ஆகாது என்றார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாளே குழாயைப் பிடுங்கி, குழியை மூடி, சிமெண்ட் பூசி, மேலே ஒரு குரோட்டன்ஸ் தொட்டியையும் வைத்தார். வேறு மூலையில் தோண்டலாமே என்று கேட்டேன். எந்த மூலைக்கும் வாஸ்துக்காரர் சம்மதிக்கவில்லையாம். படித்த படிப்பெல்லாம் பரீட்சைத் தாளோடு சரி.

அதற்கப்புறம் கிரைண்டரைத் தொட்டாலே சுருக்கென்றது. அக்கா சொன்னால், ஈரக் கையோடு ஏன் தொடுகிறாய் என்பார். மாவு அரைக்கிறவள் கை வேறு எப்படி இருக்கும்? சமையலறைக்குள் செருப்பு கூடாது என்று அதுவரை அதட்டிக்கொண்டிருந்தவர், அவளுக்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தார். பெரிய மனசு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே கிரைண்டர் அக்காவைத் தூக்கி அடித்தது. சுவரோரம் விழுந்து கிடந்தாள், தரையெல்லாம் மாவு. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன். பின்னாலேயே வந்த மாமா முதலில் கேட்டது, செருப்பு போட்டிருந்தாயா என்றுதான்.

அக்கா சுவரைப் பிடித்து எழுந்து, கொல்லையிலிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு தென்மேற்கு மூலைக்குப் போய்த் தொட்டியைத் தள்ளினாள். மாமா பதறிப்போய்க் குறுக்கே நின்றார்.

"என் உயிருக்கு ஆபத்துடி."

"இத்தனை நாள் எனக்கு இருந்துச்சுங்க. இனிமே கொஞ்ச நாள் உங்களுக்கு இருக்கட்டும். தள்ளி நில்லுங்க," என்று சொல்லிவிட்டு, சிமெண்ட்டில் கடப்பாரையை இறக்கினாள்.