நெரிப்பதா, விடுவதா?

துவக்கு வாங்க வருகிறவனைச் சமாளித்துவிடலாம். வீட்டில் தானே துப்பாக்கி ரவை செய்கிறவனைச் சமாளிக்க ஆண்டவனாலும் முடியாது. அந்நிய நாட்டில் கடை மேசைக்குப் பின்னால் நின்று பல்லிளித்தவர்களே, இது உங்களுக்குப் புதுக்கதையாக இராது. எண்பதுகளில் மட்டக்களப்பிலிருந்து அகதியாக மொன்றியலுக்குப் போய், புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைக்கடையில் நின்றேன். மான் வேட்டைக் காலம் முடியும்வரை என்மேல் ஒரு முறைப்பாடும் வராவிட்டால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

பல் வைத்தியரின் கேள்வி

லவாலிலிருந்து ஒரு பல் வைத்தியர் வந்தார். சுட்டு மிஞ்சிய வெற்றுப் பித்தளைக் கோதில் வெடிமருந்து நிரப்பி, ஈயக் குண்டான சன்னத்தைச் செருகிய பிறகு, கோதின் வாயை நெரித்து இறுக்குவதா, அப்படியே விடுவதா என்று கேட்டார். ரவை செய்யும் கைநூலை இரண்டு மொழியிலும் கரைத்துக் குடித்திருந்தேன். ரவைகளைக் குழாயில் வரிசையாக அடுக்கும் துவக்கென்றால் நெரிக்கத்தான் வேண்டும். உங்களுடையது அப்படியல்ல, சன்னத்தில் அதற்கான பள்ளமும் இல்லை, நெரிக்க வேண்டாம் என்றேன். அவர் அலமாரியிலிருந்து நெரிக்கும் அச்சொன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீ இதுவரை எத்தனை மான் சுட்டிருக்கிறாய்?"

சூசை அண்ணையின் விளக்கம்

பின்னறையில் பெட்டி அடுக்கும் மன்னார் சூசை அண்ணையிடம் போய்க் குமுறினேன். நெரிக்கவேண்டியவன் மாட்டேன் என்கிறான், வேண்டாதவன் அச்சு வாங்கிக்கொண்டு போகிறான், பதிலைக் கேட்டு மனம் மாறின ஒருவனையும் காணவில்லை என்றேன். அவர் தோளிலிருந்த பெட்டியை இறக்கவுமில்லை.

"தம்பி, அவங்கள் கேக்க வரேல்லை, தலையாட்ட ஆள் தேடி வாறாங்கள். நீ ஏன் புத்தகத்தைப் படிச்சுக் கெட்டுப்போறாய்?"

முறைப்பாடு

பத்து நாளில் பல் வைத்தியர் திரும்பி வந்து ரவைகளை மேசையில் கொட்டினார். பாதி துவக்குக்குள் போகவேயில்லையாம்; மான் நின்று பார்த்துவிட்டுப் போனதாம். "உங்கள் ஆள் சொல்லித்தான் நெரித்தேன்" என்று முதலாளியிடம் கத்தினார். நான் ரவை ஒன்றை எடுத்துத் தடவினேன். கோதுகளை ஒரே நீளத்துக்கு வெட்டாமல் எல்லாவற்றையும் ஒரே அழுத்தாக அழுத்தி, நீளமானவற்றின் கழுத்துக்குக் கீழே தோளைப் பிதுங்க வைத்திருந்தார்; பிதுங்கினது துவக்குக்குள் எப்படிப் போகும்?

"வேண்டாம் என்றுதான் சொன்னேன்" என்றேன். இவன் சொன்னபடிதான் செய்தீர்களா என்று முதலாளி அவரிடம் மறுபடி கேட்டார். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடிவந்தவன் சொல்லி நான் கேட்கிறதா? அவன் வேண்டாம் என்றபடியால்தான் நெரித்தேன்!"

ஆக, அந்தக் கடையில் எனக்கு வேலை நிரந்தரமானது என் அறிவால் அல்ல, அதை ஒருவன் மதியாததால்.