கரைக்கு வந்துகினு கீறோம்

எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒரு சாயங்காலம் தட்ட ஆரம்பித்தது. ஆள் வந்து கதவைத் தட்டுவது மாதிரியேதான். டக், டக். கொஞ்சம் விட்டு மறுபடியும் டக். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தாள். வெளியே ஒரு நாய்தான் படுத்திருந்தது. திரும்பி வந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டு, மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உள்ள இருந்து தட்றான்டா," என்றாள்.

பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி எரிந்து விழுவதுதான். உள்ளே ஒருத்தனும் இல்லை, ஃபேன் தேய்ந்திருக்கும், போய் மீனைப் பார், பூனைக்கு விருந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாய் என்று கத்தினேன். அது ஃபேன் சத்தம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அந்தப் பெட்டி என் அண்ணனுடையது. துறைமுகத்துப் பக்கத்து ஆபீஸ்களில் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் ராயபுரத்துக் காயலான் கடைகளுக்கு வரும். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கலாமே என்று அதில் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். ஒரு தடவை போன படகு திரும்பவில்லை. ஆந்திரக் கரை வரைக்கும் தேடினார்கள். ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

எங்களுக்கு மிஞ்சியது அவன் குரல்தான். படகோடு பேச வீட்டில் ஒரு வயர்லெஸ் செட் வைத்திருந்தோம். படகு காணாமல் போன அன்றைக்கு அண்ணன் அதில் பேசியபோது நான் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை, புதுப் போன், பூனை கத்தினால்கூடப் பதிவு செய்கிற காலம் அது. "கரைக்கு வந்துகினு கீறோம். இஞ்சின் சூடாவுது, அதான் மெள்ள வர்றோம். அம்மாவ கொயம்பு எடுத்து வைக்கச் சொல்லு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தேன். அந்தப் போன் பிற்பாடு மழை வெள்ளத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றியதும் அம்மா அதைப் போடச் சொல்லிக் கேட்பாள். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னவன் வராமல் போய்விடுவானா என்பாள். குழம்பில் ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைப்பாள். சாமி அலமாரிக்கு மேலே இருந்த அண்ணன் படத்துக்கு மாலை போட விட்டதே இல்லை. மாலை போட்டால் செத்துவிட்டான் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒரு தடவை ஆயுத பூஜைக்கு எல்லாப் படத்துக்கும் பூ வைத்த கையோடு நான் அதற்கும் ஒரு துண்டு வைத்துவிட்டேன். அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மா அப்படியிருக்க, அண்ணி வேறு மாதிரி. இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போய் வருவாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி, எல்லாம் அப்படியே. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பிவிடுவாள், தண்ணீர் வராத நாளிலும். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வள்ளூரில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, சின்ன வயசுப் பெண்ணை எத்தனை காலம் இப்படி வைத்திருப்பீர்கள் என்று பக்குவமாகத்தான் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்துப் "போடுடா" என்றாள். போட்டேன். அண்ணன் குரல் கூடத்தில் கேட்டது. புருஷன் வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு கல்யாணமா என்று அம்மா கேட்டாள். வந்தவர்கள் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பதிவை வேறு எங்காவது பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்று யாராயிருந்தாலும் கேட்பார்கள். அந்த ஒன்றுக்குத்தான் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. படகு காணாமல் போன வாரமே குப்பத்துப் பையன்கள் அண்ணன் படத்தைப் பூ, மெழுகுவர்த்தி, சோகப் பாட்டு எல்லாம் சேர்த்துப் போனில் சுற்ற விட்டிருந்தார்கள். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரைக்கும் எல்லார் கையிலும் அது ஓடியது. அதைப் பார்த்த அன்றைக்கு, அவன் குரல் இந்தப் பெட்டியை விட்டு எங்கேயும் போகக்கூடாது என்று அண்ணன் தலைமேல் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் இஞ்சினீயர் எல்லாம் இல்லை. கன்டெய்னர் யார்டில் கேட் என்ட்ரி போடுகிறவன். அங்கே சிஸ்டம் படுத்துக்கொண்டால் ஆள் வரும்வரை நானே எழுப்பிப் பார்ப்பேன், அந்த அளவுதான். பெட்டியைக் கழற்றினேன். உப்புக் காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது. உள்ளே அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஒரு படலம். எங்கள் பக்கம் துணி காயப்போட்டாலே அது வந்து உட்காரும், இதை விடுமா? ஊதினேன், துடைத்தேன். ரேமை எடுத்து ரப்பரால் தேய்த்துப் போட்டேன். கேபிளை மாற்றினேன். யார்டிலிருந்து ஒரு பழைய பவர் சப்ளையைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் நன்றாக ஓடும், நானும் காலரைத் தூக்கிக்கொள்வேன். அடுத்த நாள் டக், டக்.

அப்புறம் ஒரு காலை, ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி இங்கிலீஷ் வந்தது. ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது, வேண்டியதை எடுத்து வைத்துக்கொள் என்று அர்த்தம். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அலமாரியைப் பார்த்தேன். அண்ணன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. இந்த வாரம் வேண்டாம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கேட்பாளா! அண்ணி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்படி தாண்டினாள். நான் பதிவைப் போட்டேன். இரைச்சல் வந்தது. பிறகு அண்ணன் குரல் வந்தது. "கரைக்கு வந்துகினு" என்றது. மேலே போகவில்லை. உள்ளே டக் என்று ஒரு அடி. மறுபடியும் "வந்துகினு". டக். "வந்துகினு". டக். "வந்துகினு". அவன் குரலாகவும் இருந்தது, அவன் குரலாக இல்லாமலும் இருந்தது. நிறுத்தப் பார்த்தேன், எந்தப் பட்டனுக்கும் அது அசையவில்லை. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கடைசியில் சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கினேன். திரும்பினால், அண்ணி வாசல்படியிலேயே நின்றிருந்தாள். அத்தனையையும் கேட்டிருக்கிறாள். குடம் இடுப்பிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்துபோய் வெறும் பயம்தான் மிச்சம் இருந்தது.

அம்மா அன்றைக்குத்தான் இறங்கி வந்தாள். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு வேண்டுமானால் மாற்று, போனில் மட்டும் ஏற்றாதே என்றாள். அதுவே போதும் என்று நான் வண்ணாரப்பேட்டைக்கு ஓடினேன். அங்கே பழைய பார்ட்ஸ் விற்கிற பாய் ஒருவர் எனக்குப் பல வருஷப் பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி ஒரு நாள் ஆறப் போடு, பிறகு ஒரே ஒரு தபா ஓட்டு, அந்தக் குரலை மட்டும் எடு, இன்னொரு தபா ஓடும் என்று நம்பாதே என்றார். ஒரு செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கும் கொடுத்தார்.

அன்றைக்கே பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேசைமேல் துண்டு விரித்து, சர்க்யூட் பக்கம் மேலே தெரியும்படி வைத்தேன். அம்மா சுற்றிச் சுற்றி வந்தாள். தொட்டுப் பார்க்கலாமா, ஏன் இப்படித் திறந்து போட்டிருக்கிறாய், ஈ மொய்க்காதா என்று ஒரே நச்சரிப்பு. அதுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு ஆபரேஷன், பார்வையாளருக்கு அனுமதி இல்லை என்று கிண்டலாகச் சொன்னேன். அண்ணியிடம் மட்டும் தனியாக, ஈரக் கை பட்டால்கூட அதோடு முடிந்தது, அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தேன். இருந்த அவசரத்தில் சரியாகப் பார்க்காமலே டிஸ்க்கை மாட்டினேன். அம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், மூச்சு என் கழுத்தில் பட்டது. சுவிட்சைப் போட்டேன். தட்டல் சத்தம்கூட வரவில்லை. பொரிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், பிறகு கருகிய வாடை. அவசரமாகக் கழற்றிப் புரட்டினேன். சர்க்யூட்டின் சந்துபொந்தெல்லாம் மஞ்சள் கறை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

எங்கள் குப்பத்தில் புது வலை வந்தால், இஞ்சின் மக்கர் செய்தால், குழந்தைக்குக் காய்ச்சல் விடவில்லையென்றால், கடல் தண்ணீரில் மஞ்சள் கலந்து தெளிப்பார்கள். அம்மாவுக்கு நான் சொன்ன கிண்டல் கிண்டலாகப் போய்ச் சேரவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் செய்யவேண்டியதைச் செய்திருக்கிறாள். "மஞ்சத் தண்ணிதான்டா தெளிச்சேன், அப்பால ஒயுங்கா தொடச்சிட்டேன்," என்றாள்.

நான் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பாயிடம் ஓடினேன். அவர் அதே மாதிரி டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் சர்க்யூட்டைக் கழற்றி இதில் மாட்டினார். உள்ளே இருக்கிற தட்டு சுற்ற ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்தது. அடுத்த நொடி, தேங்காய் துருவுவது மாதிரி ஒரு சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. பாய் உடனே நிறுத்தினார். குரல் இருக்கிற தட்டையே முள் சுரண்டிவிட்டது, இனி எந்த லேபுக்குக் கொண்டுபோனாலும் காசுக்குத்தான் கேடு, விட்டுடு தோஸ்து என்றார். டீ வாங்கித் தந்தார். நான் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, முடிந்துபோச்சு என்று சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? கடல் தண்ணீர் கேட்கிறதா உனக்கு, உப்புப் பட்டால் இரும்பே நிற்காது, படகு வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா, உன் கையாலேயே அவன் வாயை மூடிவிட்டாயே என்று என்னவெல்லாமோ கத்தினேன். அம்மா சுவரோரம் குந்தியிருந்தாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. முட்டி வலியோடு அந்தக் கல்லெல்லாம் தாண்டிப் போய்த் தண்ணீர் கொண்டுவரத் தெரிந்ததா என்று கேட்டேன்.

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. கடலரிப்புக்காகக் கரை நெடுக ஆள் உயரக் கல் கொட்டியிருக்கிறார்கள். அம்மா அதில் ஏறி இறங்கி வருஷக்கணக்காகிறது.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணி முன்னால் வந்தாள்.

"அத்தைய திட்டாத தம்பி. நான்தான் மொண்டுகினு வந்தேன்."

ஈரம் ஆகாது என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தானே போனேன் என்றேன்.

"சொன்ன. கெட்டுப்பூடும்னு தெரிஞ்சுதான் மொண்டாந்து குடுத்தேன்." அவள் என்னைப் பார்த்துப் பேசவில்லை, அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள். "எத்தினி வருஷம் அத்தை அவரு வந்துகினே இருப்பாரு?"

அம்மா எழுந்து அவள் முடியைப் பிடிப்பாள் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். அம்மா அசையவில்லை. அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், இறால் உரித்து வெந்துபோயிருந்த விரல்களைப் பார்த்தாள். அலமாரிப் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. வெளியே லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கிற வாடை வந்தது, யாரும் போய்ப் பார்க்கவில்லை.

"போய் மாலை வாங்கினு வா," என்றாள் அம்மா என்னிடம்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டு அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான். அம்மா உட்கார்ந்தபடியே நகர்ந்து போய் அவள் தலையை இழுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. செருப்பைப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பூக்கடையில் கூட்டமாக இருந்தது. பூக்காரம்மா கை நிறுத்தாமல் கட்டிக்கொண்டே, சாமிக்கா படத்துக்கா என்று கேட்டாள். படத்துக்கு என்றேன்.

"படம் எம்மாம் பெருசு நைனா?"

இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினேன்.