படத்தின் மூலையில் இருந்த வரி

“மூலையில பொடி எழுத்தா இன்னாமோ இருக்குதே, அதையும் சேத்து அடிக்கணுமா பாப்பா?” என்று பூமாலைதான் முதலில் கேட்டார்.

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் சர்புதீன் நடத்திவந்த தட்டச்சு நிலையத்தில் அன்று அவர் மகள் ஜெபீனா மட்டும் இருந்தாள். தமிழ், இங்கிலீஷ் இரண்டு தட்டச்சிலும் ஹையர் தேறியவள். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். பூமாலை சர்வே ஆபீஸ் செயின்மேன். நிலம் அளக்கும் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு வருடமாக நடந்தவர். கல்வராயன் மலையில் காட்டு எல்லைக்குப் புதிதாக நட்ட கற்களின் பட்டியலை அடித்து வாங்கி வரச் சொல்லி சர்வேயர் அனுப்பியிருந்தார். ஒத்துப் பார்ப்பதற்கு, வெள்ளைக்காரன் காலத்துப் படத்தின் நகல் ஒன்றும் கூட இருந்தது.

ஜெபீனா அந்த இங்கிலீஷ் வரியைத் தமிழில் சொன்னாள். “இந்தப் படத்துல இருக்கிற நீளமெல்லாம் மட்டத்துல அளந்தது. சரிவுல சங்கிலியத் தரையில போடாம தூக்கிப் பிடிக்கணும்னு போட்டிருக்குண்ணே.”

“தூக்கியா?”

“ஆமா. மட்டமா.”

“இன்னொரு வாட்டி படி.”

படித்தாள். பூமாலை மேசையிலிருந்த அகராதியைச் சாய்த்துவைத்து, அதன்மேல் அடிக்கோலைப் படுக்கப் போட்டார். பிறகு அதே கோலை அடிமுனை நகராமல் தூக்கி மட்டமாக நீட்டினார். மறுமுனை அகராதியைத் தாண்டி வெளியே போயிற்று.

“போச்சு,” என்றார். “அளக்கத் தொடங்குற பாறையிலேர்ந்து எல்லைக்குப் பதினாலு சங்கிலின்னு படத்துல கீது. நான் களமருதூர் நெல்லு வயல்ல அளந்து பழகினவன். அங்க தரையே மட்டம். மலையிலயும் அப்பிடியே படுக்கப்போட்டு இழுத்துட்டேன். சர்வேயரு காய்ச்சல்ல ஜீப்புல படுத்திருந்தாரு. கல்லு ஒண்ணரைச் சங்கிலி இந்தாண்டயே நின்னுடுச்சு.”

“அதனால என்னண்ணே?”

“அந்த மலையில கொளஞ்சியம்மான்னு ஒருத்தி, அவளோட சாமைக் கொல்லை மொத்தமும் காட்டுக்குப் போயிடுச்சு. அவளுக்குச் சோறு போடறது அந்தக் கொல்லை ஒண்ணுதான். அன்னிக்கே சொன்னா பாப்பா, ‘எங்க மாமனாரு காலத்துல கல்லு வேங்கை மரத்துக்கு அந்தாண்ட இருந்துச்சு சாமி’ன்னு. படம் பொய் சொல்லுமாடின்னு கேட்டேன் நானு.”

பட்டியலை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் கிடந்த செருப்பைப் போடாமலே போய்விட்டார். அது எண்பத்தேழு செப்டம்பர், ஒரு புதன்கிழமை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கச்சிராயபாளையத்தில் முகாமிட்டிருந்த அதிகாரியிடம் ஆட்சேபணை தராவிட்டால், நட்ட கல் நட்டபடியே நின்றுவிடும்.

வியாழக்கிழமை விடிந்தபோது ஊரே மாறியிருந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, கடை இல்லை. காகிதம் வாங்கப் போன சர்புதீன் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டார், சர்வேயர் விழுப்புரத்தில். மத்தியானம் பலகைக் கதவை யாரோ தட்டினார்கள். பூமாலை.

“ஒரு மனு அடிக்கணும். தப்பு என்னுதுன்னு.”

ஜெபீனா மிஷினுக்கு அடியில் போர்வையை மடித்து வைத்தாள். அப்படியும் ஒவ்வொரு எழுத்தும் தெருவரை கேட்பதுபோல இருந்தது. நாலு வரி ஓடியதும் பின்கதவு வழியாக அமிர்தம் வந்து நின்றாள். பூமாலையின் மனைவி. மூச்சு வாங்கியது.

“ஏங்க, உங்க தங்கச்சி மவன் வேலை வேணும்னு மரத்த வெட்டிப் போட்டு ரோட்டுல குந்திக்கினு இருக்கான். நீங்க கையில கீற வேலையக் காயிதத்துல எழுதிக் குடுக்கப் போறீங்களா?”

“மெதுவாப் பேசு.”

“பாப்பா, பேரு போடாத. தப்பா அளந்துட்டாங்கன்னு மட்டும் அடி.”

“பேரில்லாத மனு குப்பைக்குப் போவும், அமிர்தம்.”

“போவட்டுமே! அந்த மலைக்காரி உங்களுக்கு மாமியாளா, மச்சினியா?”

“கல்லு நட்ட அன்னிக்கு மத்தியானம் அவ வூட்டுச் சோறுதான் தின்னேன்.”

அமிர்தம் ஜெபீனாவைப் பார்த்தாள். ஜெபீனாவின் விரல் ‘பூ’ எழுத்தின் மேல் நின்றது. அடித்தால் இந்த வீட்டுக்குச் சம்பளம் நிற்கும். அடிக்காவிட்டால் அந்த வீட்டுக்குச் சோறு நிற்கும். அப்போது கதவில் கல் விழுந்தது.

“யார்றா உள்ள? கடைய மூடச் சொன்னா மிஷினு ஓட்டுறீங்களா?”

மூன்று பேரும் அசையவில்லை. இரண்டாவது கல் விழுந்தது. பலகையின் இடுக்கில் ஒரு கால் தெரிந்தது. யாரும் எதிர்பாராமல் அமிர்தம் கத்தினாள்: “பொம்பளைங்க இருக்கறோம்டா! உங்க வூட்ல அக்கா தங்கச்சி இல்ல? போங்கடா அந்தாண்ட!”

கால் நகர்ந்தது. வெளியே யாரோ சிரித்தார்கள். பிறகு பேச்சுச் சத்தம் தள்ளிப் போயிற்று.

ஜெபீனா பெயரை அடித்தாள், ஓரெழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு. அமிர்தம் தடுக்கவில்லை. பூமாலை கையெழுத்துப் போட்டதும் தாளையும் படத்தையும் அவளே பிளாஸ்டிக் பையில் சுற்றி, அவர் சட்டைக்குள் திணித்தாள். “மழை வரும்,” என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க ஜெபீனா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு அடித்தது. தகவல் இல்லை. சனி, ஞாயிறும் இல்லை. போலீஸ் வேன்கள் போனபடி இருந்தன. எங்கோ சுட்டுவிட்டார்கள் என்று தெருவில் பேச்சு வந்தபோது, எந்த ரோட்டில் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

நடந்ததைப் பூமாலை வந்து சொன்னது தீபாவளிக்குப் பிறகுதான். மூன்று இடத்தில் மறித்தார்களாம். மூன்றாவது இடத்தில் மறித்தவன் அவருடைய தங்கை மகனே. மனுவைப் பிரித்துப் படித்து, “மாமா, உனுக்கு இன்னா பைத்தியமா?” என்று ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறான். கடைசியில் அவனே சைக்கிளில் ஏற்றி, முகாமுக்கு ஒரு மைல் முன்னால் இறக்கிவிட்டிருக்கிறான். பன்னிரண்டுக்குக் கால் மணி இருந்தது.

சங்கிலியைத் தூக்கிப் பிடித்து மறுபடி அளந்தார்கள். கல், வேங்கை மரத்துக்கு அந்தாண்டை போனது. கொளஞ்சியம்மாள் ஒரு படி சாமையைத் துணியில் கட்டி அவரிடம் கொடுத்தாள். அடுத்த வாரம் சஸ்பெண்டு உத்தரவு வந்தது.

“அமிர்தம் அக்கா என்ன சொன்னாங்க?” என்றாள் ஜெபீனா. அன்று அவளாகக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

“திட்டிக்கினேதான் அந்தச் சாமைய ஆக்கிப் போட்டா.” பூமாலை சிரிக்கப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எனுக்குப் பதிலா ஒரு ஆளப் போட்டுட்டாங்க. உளுந்தூர்பேட்டப் பக்கத்து ஆளு, என்ன மாதிரியே வயல்ல அளந்து பழகினவன், இங்கிலீசு வராது. அந்த வரியத் தமிழ்ல போட்டுக் குடு பாப்பா, சங்கிலிப் பையில தச்சிடறேன். மிஷினு எழுத்து பொடிசா இருக்கும், வேணாம். உன் கையால பெருசா எழுதிக் குடு, மழையில நின்னுக்கினு இருக்கறவன் படிக்கிறாப்ல.”