குடோனுக்குப் புதுப் பெயின்ட்

"என்னடா இது, சுவருக்கெல்லாம் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கானுங்க?" என்று ஆசீர் மாமா கேட்டார்.

"பெயின்ட் இல்லண்ணே, ஹெச்டி," என்றார் கணினியில் கேம் ஆடிக்கொண்டிருந்த அவர் தம்பி ஜெஸ்வின்.

"பழைய கேம்ல இந்த மூலை இருட்டா இருக்கும்."

"இப்பவும் இருட்டுதான். இப்ப இருட்டு நல்லாத் தெரியுது, அவ்வளவுதான்."

மாமா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "குழாயில துரு தெரியுதுடா. நாள் பூரா பட்டறையில துருவப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்தும் துருவப் பாக்கணுமா?"

"நீங்க பட்டறைப் பக்கம் போயி ரெண்டு மாசம் ஆச்சுங்க," என்று அடுக்களையிலிருந்து என் அக்கா சுஜா சொன்னாள்.

அதற்குள் திரையில் ஒரு கதவு திறந்து, ஏதோ ஒன்று வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்தது. ஜெஸ்வின் அதைச் சுட்டு வீழ்த்தினார்.

"இதுவாடா அது?"

"அதேதான்."

"முன்னாடி இது என்னன்னே தெரியாது. நாலு கட்டம் பச்சை, ரெண்டு கட்டம் சிவப்பு. அதனாலதான் பயமா இருக்கும். இப்ப பல்லு ஒவ்வொண்ணாத் தெரியுது. இதச் சுடத் தோணல, பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத்தான் தோணுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. இது தேவையா?"

"பழைய சோத்துல நெய் ஊத்தின மாதிரி இருக்கு மாமா," என்றேன்.

"கேட்டியாடா?" என்றார் தம்பியிடம்.

இது சென்ற ஆண்டு மார்ச் மாதம், திருவெறும்பூரில் அக்கா வீட்டின் முன்னறையில் நடந்த பேச்சு. அன்று நான் சொன்னதை இன்று அப்படியே சொல்லமாட்டேன். ஏன் என்று சொல்ல, அக்காவின் கணவர் ஆசீர் மாமாவைப் பற்றித்தான் சொல்லவேண்டும்.

அவர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் ஆர்கான் வெல்டர். கொதிகலனுக்குப் போகும் குழாய்களை ஒட்டவைக்கிற வேலை. வலது கையில் உலோகத்தை உருக்கும் டார்ச், இடது கையில் உருகிச் சேரும் மெல்லிய கம்பி. இரண்டு கையும் ஒன்றையொன்று பார்த்து நகரவேண்டும். ஒட்டிய இடத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அவர் வேலை எக்ஸ்ரேயில் தவறி வந்தது குறைவு என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். அவராக ஒருநாளும் சொன்னதில்லை.

ஐ.டி.ஐ. படித்த காலத்தில் அவரும் ஜெஸ்வினும் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரே கதியென்று கிடந்தவர்கள். அங்கே இருந்த துப்பாக்கி விளையாட்டுக்கு ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. முதல் கட்டமே பெட்டிகள் அடுக்கிய ஒரு பெரிய கிடங்கு என்பதால் 'குடோன்' என்று வைத்துவிட்டார்கள். மாமாவின் கல்யாணத்துக்கு வந்த நண்பர்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, குடோனில் யார் யாரை எந்தத் தூணுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள் என்று பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது நான் பத்தாம் வகுப்பு.

அந்த வயதில் நான் அதிகம் பேசமாட்டேன். இப்போதும் அப்படித்தான். எட்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பள்ளிக்கு மாறியதில், இரண்டு மொழியிலும் வாயைத் திறக்கக் கூச்சம் வந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "ஏன் இந்தப் பொண்ணு பேசவே மாட்டேங்குது?" என்று என்னை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்பார்கள். மாமா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கணினி முன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு விளையாடத் தொடங்குவார். உட்கார்ந்து பார்த்தால் போதும். அந்த நாற்காலிக்கு நான் பட்ட கடன் பெரியது.

சென்ற ஆண்டு ஜனவரியில், தஞ்சாவூர் ரோட்டில் பைக்கில் வரும்போது குறுக்கே மாடு வந்து விழுந்தார். வலது மேற்கை எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துச் சேர்த்தார்கள், எலும்பு கூடிவிட்டது. ஆனால் எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு அடிபட்டிருந்தது. மணிக்கட்டு தொங்கிப்போனது. விரலை மடக்க முடியும், நீட்ட முடியாது. நரம்பு மெதுவாகத்தான் வளரும், பயிற்சியை விடாமல் செய்யவேண்டும் என்றார் டாக்டர். பட்டறையில் நல்லவிதமாகவே பேசினார்கள். கை சரியானதும் ஒரு தேர்வு வைப்போம், ஒட்டிக் காட்டவேண்டும், எக்ஸ்ரேயில் தேறினால் பழைய இடம், தேறாவிட்டால் ஒட்டியதைத் தேய்க்கிற கிரைண்டிங் பக்கம். அவ்வளவுதான்.

அவர் பயிற்சி செய்யவில்லை. ரப்பர் பந்து ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் ஜெஸ்வின் புதுக் குடோனை வாங்கி வந்தார்.

முதல் நாள் மாமா மவுஸைத் தொட்டதும் நடந்தது எங்களுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அவரால் சுட முடிந்தது, நிறுத்த முடியவில்லை. பொத்தானை அழுத்திய விரலை மேலே தூக்க அவருக்குத் தெம்பில்லை. துப்பாக்கி குண்டு தீரும்வரை சுட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அந்தப் பல் தெரிகிற ஜந்து வந்து அவரைக் கடித்தது. மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

ஜெஸ்வின் என்னைப் பார்த்தார். "செட்டிங்ஸ்ல ஏதோ நிறைய இருக்குங்க. எல்லாம் பாரா பாராவா இங்கிலீஷு. கொஞ்சம் படிச்சுப் பாக்குறீங்களா?"

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மருந்துச் சீட்டு, மிக்சி கையேடு, இப்படி நாள்தோறும் யாரும் படிக்காததைத் தமிழாக்குகிறவள். பழைய குடோனில் சத்தம் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான் இருந்ததாம். இதில் திறந்தால் பட்டியல் கீழே கீழே போய்க்கொண்டிருந்தது. சுடும் வேலையை இடது கைக்கு மாற்றலாம். மவுஸின் வேகத்தைத் தனியாகக் குறைக்கலாம். அழுத்திப் பிடிக்கவேண்டியதை ஒரு தட்டில் முடிக்கலாம். மாமாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன்.

"இதெல்லாம் யாருக்கு?" என்றார்.

நான் கொஞ்சம் தயங்கினேன். "கை முடியாதவங்களுக்கு மாமா."

"அப்ப எனக்குத்தான். வை."

இன்னொன்றும் கிடைத்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் புதுப் படம் மறைந்து பழைய படம் வரும். துருவும் பல்லும் போய், நாலு கட்டம் பச்சை திரும்ப வந்தது. மாமா அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். "படம் பழசே இருக்கட்டும். வசதி புதுசா இருக்கட்டும்," என்றார். கிட்டத்தட்ட ஒரு மாதம் அப்படியேதான் ஆடினார். பிறகு ஒருநாள், தூரத்தில் நிற்பவன் பழைய படத்தில் தெரியவில்லை என்று அவரே புதுப் படத்துக்கு மாறிக்கொண்டார்.

இடது கையால் சுட்டு, மணிக்கட்டைத் தாங்கும் பட்டை கட்டிய வலது கையால் மவுஸை நகர்த்தி, அப்புறம் பட்டையைக் கழற்றி, அப்புறம் சுடுவதை வலது விரலுக்கே திரும்பக் கொடுத்து என்று கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறினார். வாரத்தில் இரண்டு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னோடு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வருவார். கீழ உத்திர வீதியில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட் அழகிரியிடம் அவரை விட்டுவிட்டு நான் அலுவலகம் போவேன். "வீட்டுல என்ன பயிற்சி பண்றேள்?" என்று அழகிரி கேட்டாராம். "துப்பாக்கி சுடறேன் சார்" என்றாராம் இவர். "பேஷா சுடுங்கோ, ஆனா விரலை முழுசாத் தூக்கிட்டுச் சுடுங்கோ" என்றாராம் அவர். அடுத்த முறை பஸ்ஸில் போகும்போது காவிரிப் பாலம் முழுக்க இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட்டதும் ஜெஸ்வின் தன் லேப்டாப்போடு வருவார். அண்ணனும் தம்பியும் எதிரெதிராக ஆடுவார்கள். முதலில் மாமா தோற்றுக்கொண்டே இருந்தார். மே மாதம் ஒரு ஆட்டம் ஜெயித்தார். ஜூனில் எல்லா ஆட்டமும் அவருக்கே. அக்கா பாயசம் வைத்தாள். அவருடைய அம்மா ரோசம்மாள் தெருவில் எல்லாரிடமும், "எங்க ஆசீரு கை வந்துருச்சு, தம்பியைச் சுட்டுட்டான்," என்று சொல்லிவந்ததில், விவரம் தெரியாத ஒருவர் பதறிப்போய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மாமா பட்டறைப் போர்மேனுக்குப் போன் செய்து, அடுத்த வாரமே தேர்வுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு, தான் ஜெயித்ததை அழகிரிக்குக் காட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். "ஆடினதைத் திருப்பிப் போட்டுக் காட்டுமா இது? பாரு பாப்பா," என்றார். ஜெஸ்வின் அப்போது கடைக்குப் போயிருந்தார். நான் பட்டியலில் தேடினேன், இருந்தது. முடிந்த ஆட்டத்தை மறுபடி ஓட்டலாம், யார் கண் வழியாக வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது. அதையும் படித்துச் சொன்னேன். மாமா தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு ஆசைக்குத் தம்பியின் பக்கத்துக்கு மாற்றினார்.

ஜெஸ்வினின் கண்ணில் மாமா பெட்டிகளுக்கு நடுவே நன்றாகத் தெரிந்தார். துப்பாக்கிக் குறி அவர் நெஞ்சுக்கு வந்து நின்றது. பிறகு, யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்ததுபோல், மெல்லப் பக்கத்துச் சுவருக்கு நகர்ந்தது. சுவரைச் சுட்டது. மாமா திரும்பி, தம்பியைச் சுட்டு ஜெயித்தார்.

மாமா அடுத்த ஆட்டத்தைப் போட்டார். அதிலும் சுவர். அதற்கடுத்ததில் ஒரு தூண்.

ஜெஸ்வின் கையில் ஐஸ்கிரீம் டப்பாவோடு உள்ளே வந்தார். திரையைப் பார்த்ததும் புரிந்துகொண்டு டப்பாவைக் கீழே வைத்தார்.

"எப்ப இருந்துடா?"

"ஈஸ்டர்ல இருந்து அப்பப்ப, அண்ணே."

"மே மாசம் ஜெயிச்சது?"

"அதுவும்தான்."

"ஏன்டா?"

"நீ சந்தோஷமா இருந்தே. அம்மா நல்லாச் சாப்பிட ஆரம்பிச்சாங்க. அண்ணி சிரிச்சாங்க. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

"உனக்கும் தெரியுமா?" என்று மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மாமா கோபப்படவில்லை. "நான் இதை வச்சுத்தான்டா போர்மேன்கிட்ட வர்றேன்னு சொன்னேன்," என்று மட்டும் சொன்னார். "நீங்க வச்ச ஜாயின்ட்டு மேல பளபளன்னுதான் இருக்கு. உள்ள ஓட்டை. நல்லவேளை, எக்ஸ்ரேக்கு இன்னிக்கே போயிருச்சு."

அந்த வாரத் தேர்வுக்கு அவர் போகவில்லை. கை இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன் என்று போர்மேனிடம் உள்ளதைச் சொன்னார். செப்டம்பர் கடைசியில் போய் ஒட்டிக் காட்டினார். எக்ஸ்ரேயில் தேறியது. இப்போது பழைய இடத்திலேயே நிற்கிறார். குளிர்காலக் காலையில் மட்டும் விரல் கொஞ்சம் மெதுவாக விரிகிறது என்கிறார்.

பழைய விளையாட்டுகளைத் தூசி தட்டி மறுபடி விற்பது வெறும் வியாபாரம் என்று எங்கள் அலுவலகத்தில் பேச்சு வரும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கலாம். அந்தத் துருவும் பல்லும் இல்லாமல் உலகம் நன்றாகவே இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எங்கோ ஒரு ஊரில் யாரோ சிலர், பழைய குடோனை எடுத்து வைத்துக்கொண்டு, விரல் தூக்க முடியாதவர் எப்படி இதை ஆடுவார் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். எதிரி கண்ணால் பார்க்கவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசீர் என்று ஒருவர் இருப்பது தெரியாது. அவர்கள் பெயர்கள் விளையாட்டின் முடிவில் வரிசையாக ஓடும். மற்றவர்கள் எழுந்துபோன பிறகும் நான் அவற்றை உட்கார்ந்து படித்திருக்கிறேன். நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஜூன் மாத அந்த ஞாயிறு சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட மாமா ஸ்டாப்வரை வந்தார். சத்திரம் பஸ் தூரத்தில் தெரிந்ததும் சொன்னார்.

"அடுத்த வாரத்துல இருந்து ஜெஸ்வின் வேணாம். நீ ஆடு."

"எனக்கு ஆடத் தெரியாதே மாமா."

"கத்துக்க. எனக்கும் இப்பத் தெரியாதுதானே." பஸ் வந்து நின்றது. அவர் என் பையை வாங்கிப் படியில் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் பாப்பா. நான் எதிர்ல வந்தா, என்னையப் பாத்துச் சுடு."