கூட யாரு வந்திருக்கா?

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம். பொம்பளை ஆள் உள்ளே நுழைந்ததும் "கூட யாரு வந்திருக்கா?" என்பார்கள். அதன் பிறகு கேள்வியெல்லாம் அந்தக் கூட வந்தவருக்குத்தான். ராஜபாளையத்தில் எங்கள் குடும்ப டாக்டரிடம் கன்னம் வீங்கிப் போய் உட்கார்ந்தபோதும் அப்படித்தான். "என்ன சார் ஆச்சு?" என்று என் கணவரைக் கேட்டார். "அலமாரிக் கதவுல இடிச்சுக்கிட்டா டாக்டர். கவனமே கிடையாது" என்றார் இவர். பக்கத்தில் நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மணிக்கட்டு வீங்கிய அன்று, அவர் மில்லுக்குக் கிளம்பிய பிறகு, தனியாகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே எங்களைத் தெரிந்தவர்கள் கிடையாது, டாக்டரும் பெண். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்தபோது சொல்லியும் விட்டேன்.

"எங்க வீட்டுக்காரக அடிச்சுட்டாக டாக்டர். இது முதல் தடவை இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார். "எதுக்கு அடிச்சாரு? நீ என்ன சொன்ன?"

அட ஆண்டவனே! கை பிசகிக் கிடக்கிறது, நான் என்ன சொன்னேன் என்பதுதான் இவருக்கு வேண்டும். கோபத்தை விழுங்கிக்கொண்டு, "எங்கம்மாகிட்ட போன்ல ரொம்ப நேரம் பேசிட்டேன். அம்புட்டுதான். வீட்டுக்குத் திரும்பிப் போகவே பயமா இருக்கு டாக்டர். நான் என்ன செய்யட்டும்?" என்றேன்.

"கட்டுப் போட்டுட்டு செத்த நேரம் வெளிய உக்காரும்மா."

ஏதோ வழி பண்ணப்போகிறார் என்று நம்பி உட்கார்ந்தேன். கட்டுப் போட்ட நர்ஸம்மா டீ வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவினார்.

"ஒத்தக் கையோட உன்னைய எப்படித் தனியா பஸ்ல அனுப்புறது? பேரு பதியுறப்ப எழுதின சீட்டுல வீட்டுக்காரர் நம்பர் இருந்துச்சு, போன் போட்டுட்டேன். பாவம், பதறிட்டாரு. இந்தா வாராராம்."

அந்த அம்மா நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். எனக்கோ அந்தக் கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

என் கணவர் வந்தார். டாக்டர் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என்ன சார், படிச்சவங்க நீங்க, கை நீட்டலாமா?"

"ஏதோ கோவத்துல டாக்டர். இனிமே நடக்காது."

"நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா."

பஞ்சாயத்து முடிந்தது. மாத்திரையை எப்போது கொடுக்க வேண்டும் என்று அவரிடமே விளக்கினார். அவரும் பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பைக்கில் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். வீட்டுக் கதவைத் தாழ் போட்ட பிறகுதான் கேட்டார்.

"ஊரு விட்டு ஊரு போயி என்னையப் பத்திச் சொல்லுதியோ?"

அன்றைக்கு விலாவில் விழுந்த அடிக்கு மூச்சு விட்டாலே குத்தியது. நான் எந்த டாக்டரிடமும் போகவில்லை.