வெளிநாட்டுக் குரல்

என் அம்மா பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்ற வருடம் நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அம்மா நின்றாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். நிற்க ஆசைப்பட்டவர் அப்பா. ஊரில் எந்தக் கல்யாணம், எந்தச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்று, பல வருடமாகத் தன்னைத் தயார்செய்துகொண்டிருந்தார். கடைசி நேரத்தில் எங்கள் ஊரைப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அப்பா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தார். பிறகு அம்மாவைத் திருவண்ணாமலைக்கு அழைத்துப்போய்ப் போட்டோ எடுத்துவந்தார். நோட்டீஸில் அம்மா சின்னதாக இருந்தாள். கைகூப்பியபடி அப்பா பெரிதாக இருந்தார்.

எதிர்த்து நின்றவர் பெரியம்மா. அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணனான பெரியப்பாவின் மனைவி. அந்த வீட்டிலும் நோட்டீஸ் அப்படித்தான் இருந்தது. எங்களுக்குப் பூட்டு சாவி சின்னம், அவர்களுக்கு ஆட்டோ. அதனால் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகும் வசதி எங்களுக்கு இல்லாமல் போயிற்று. அப்பா குட்டியானை வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். அதில் பேச ஆள் வேண்டியிருந்தது.

அம்மாதான் கேம்ப்பு அத்தையின் பெயரைச் சொன்னாள். எங்கள் ஊருக்கு வெளியே இலங்கையிலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. அத்தை சின்னப் பெண்ணாகப் படகில் வந்து, இங்கேயே வளர்ந்து, முகாமிலேயே ஒரு பெயிண்டருக்குக் கழுத்தை நீட்டியவர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றும் பாதையில் நாங்கள் போடும் டிபன் கடையில் அம்மாவோடு தோசை ஊற்றுவார். கூட்டத்தில் குழந்தைகள் காணாமல் போனால், பக்கத்துப் பந்தலிலிருந்து அவரைத்தான் மைக்குக்குக் கூப்பிடுவார்கள். 'பச்சைச் சட்டை போட்ட பிள்ளை இங்கே இருக்கிறார்' என்று அவர் சொன்னால், அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகூட நிறுத்திவிட்டுக் கேட்கும். அப்படி ஒரு குரல்.

"வேண்டாமக்கா. எங்களுக்கு இதுக்கெல்லாம் அனுமதி இல்லை" என்று அத்தை முதலில் மறுத்தார்.

"ஊருக்குள்ள தெரியாத ஆளா நீ? ரெண்டே நாளு பேசு, போதும்" என்றாள் அம்மா.

அத்தை வண்டிக்குள் முகம் தெரியாமல் உட்கார்ந்து பேசினார். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எழுதிக்கொடுத்ததில் 'உங்கள் பொன்னான வாக்குகளை' என்று இருந்தது. அத்தை அதை இலங்கைப் பேச்சில் 'உங்கட பொன்னான வாக்குகளை' என்று படித்துவிட்டார். பெரியப்பா வீட்டு ஆள் ஒருவர் அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை டீக்கடையில் வெளிநாட்டுச் சதி புறப்பட்டது.

பெரியப்பா பெஞ்சில் ஏறி நிற்காத குறையாகப் பேசினார். "வெளிநாட்டுக்காரங்கள வெச்சி ஓட்டு கேக்கறாங்கய்யா! இன்னிக்கு மைக்க குட்த்தாங்க, நாளிக்கு நாற்காலிய குடுப்பாங்க. இதுக்குப் பின்னாடி இன்னா இருக்குதுனு யாருக்குத் தெரியும்?"

எங்கள் பக்கத்திலிருந்து சித்தப்பா எழுந்தார். "உங்க மாடியில குடியிருக்கானே வெள்ளக்காரன், அவன் இன்னா நம்ம ஊரு ஓட்டரா? அண்ணிக்கு சால்வ போட்டு போட்டோ புட்ச்சிக்கினானே, அது இன்னா கணக்கு?"

"அவுரு சாமி கும்புட வந்தவரு."

"இவுங்க மட்டும் சண்ட போடவா வந்தாங்க?"

பேச்சு நாள் முழுக்க ஓடியது. அன்றைக்கே இரண்டு பக்கமும் தேர்தல் அதிகாரியிடம் மாற்றி மாற்றி மனுக் கொடுத்தார்கள். எங்கள் மனுவில் வெள்ளைக்காரர், அவர்கள் மனுவில் அத்தை. எனக்கு ஒன்றுதான் குழப்பமாக இருந்தது. வெளிநாட்டுக்காரர் என்றால் ஆசிரமத்துப் பக்கம் வெறுங்காலோடு நடக்கும் சிவந்த மனிதர்கள். கேம்ப்பு அத்தை எப்படி வெளிநாடு ஆனார் என்று அம்மாவிடம் கேட்டேன். "போயி படி" என்றாள்.

அப்பாவுக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. தெருவிளக்கும் தண்ணீரும் பேசிச் சலித்த ஊருக்குப் புதுப் பேச்சு கிடைத்துவிட்டது. டீக்கடையில் இருந்த எவரும் அத்தையை நினைக்கவில்லை. அன்று சாயங்காலம் அத்தையின் வீட்டுக்காரர் வந்து வாசலிலேயே நின்றார். கையில் பெயிண்ட் கறை காயாமல் இருந்தது.

"அண்ணை, கேம்ப்பு ஆபீசில கூப்பிட்டு விசாரிச்சவை. வேற முகாமுக்கு மாத்திப்போடுவம் எண்டு சொல்லுறாங்கள். அவ வரமாட்டன் எண்டுதான் சொன்னவ. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னா..."

"பாத்துக்கலாம், போய்ட்டு வாங்க" என்றார் அப்பா. அவர் போனதும் சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். "அண்ணா, அந்தம்மாவ தெரியும்னு மட்டும் சொல்லிடாத. அப்புறம் நம்ம தலையில விழும். வண்டிக்காரன் இட்டுக்கினு வந்தான்னு சொல்லிடலாம்." அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

விசாரணைக்கு யூனியன் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அன்று பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் போனேன். அதிகாரி அத்தையைக் காட்டி, அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். எல்லா இடத்திலும் நடப்பதுபோல அப்பாதான் பதில் சொன்னார்.

"அவங்க யாருனே எங்களுக்குத் தெரியாதுங்க சார்."

அத்தை சுவரோரமாக நின்றிருந்தார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

"தெரியும் சார்" என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். அம்மா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். "நான்தான் சார் பேசச் சொன்னேன். அவங்க வேணான்னுதான் சொன்னாங்க. பௌர்ணமினா எங்க கடையில நிக்கறவங்க. என் பொண்ணு அவங்க கையால சாப்புட்டு வளந்தவ. தப்பு என்னுது. என்ன பண்றதுனாலும் என்னையே பண்ணுங்க."

அந்தத் தேர்தலில் அம்மா பேசிய ஒரே பேச்சு அதுதான். அதைக் கேட்டவர்கள் நாங்கள் சிலர் மட்டும். அதிகாரி நீளமாக எழுதினார். இரண்டு தரப்பையும் திட்டினார். தேர்தல் முடியும்வரை முகாமை விட்டு நகரக்கூடாது என்று அத்தையை எச்சரித்து, மற்றதைப் பிறகு பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது அப்பா முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி ஊருக்குள் வரவில்லை. 'ஒத்துக்கிட்டாங்களாமே' என்று ஊரே பேசியது. சித்தப்பாவே நோட்டீஸ் கட்டைப் பிரிக்காமல் மூலையில் போட்டார். அம்மா தோற்றாள். பெரியம்மாவின் வெற்றி ஊர்வலத்தில் மாடி வெள்ளைக்காரர் மாலையோடு நடந்துபோனதை நான் பார்த்தேன். மனுவெல்லாம் எங்கே போயிற்றோ, அத்தையை வேறு முகாமுக்கு மாற்றவுமில்லை. ஆனால் அடுத்த பௌர்ணமியிலிருந்து அவர் மைக்கைத் தொடவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

நான் சொல்ல வந்தது ஓட்டுப் போட்ட நாளில் நடந்தது. அன்று ஊரில் எல்லார் விரலிலும் மை. பெரியவர்கள் ஒருவருக்கொருவர் விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டார்கள். அந்த ஒரு நாள் இரண்டு பக்கத்து விரலும் ஒன்றுபோலவே இருந்தது. நான் யாரும் பார்க்காதபோது முகாமுக்கு ஓடினேன். அத்தை குழாயடியில் தனியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, வெரல காட்டுங்க."

"எனக்கு இல்லையம்மா."

வைக்க மறந்துவிட்டார்கள்போல என்று நினைத்தேன். நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் எங்கள் வீட்டில் விட்டுப்போன ஊதா மார்க்கர் என் பையில் இருந்தது. "நான் வெச்சி உடறேன்" என்றேன். அத்தை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சோப்பு நுரையைப் பாவாடையில் துடைத்துவிட்டு இடது கையை நீட்டினார். நகத்துக்கு மேலே ஆரம்பித்து, நான் பார்த்ததுபோலவே கோடு இழுத்தேன். அவர் அந்த விரலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். துணி தண்ணீரில் கிடந்தது.

என்னைத் தேடிவந்த அம்மா அதைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மாறி நான் பார்த்ததில்லை. என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்படியே மண்டிபோட்டு, அத்தையின் கையைப் பிடித்து, துவைக்கிற கல்லில் வைத்து சோப்பும் தேங்காய் நாருமாகத் தேய்த்தாள். "எவனாச்சும் பாத்தான்னா இன்னாடி ஆவறது? இவ கள்ள ஓட்டு போட்டுட்டானு சொல்லிடுவானுங்களே!" அவள் அழுதுகொண்டே தேய்த்தாள்.

அத்தை கையை இழுத்துக்கொள்ளவில்லை. "கொஞ்ச நேரம் இருக்கட்டுமேக்கா" என்று மட்டும் சொன்னார்.

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அம்மா மறுபடி நாரை எடுத்தாள், இந்தத் தடவை மெதுவாக.

நான் தள்ளி நின்று விசும்பிக்கொண்டிருந்தேன். அம்மா என் மார்க்கரைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டாள். அன்று எனக்குத் தெரிந்த அநியாயம் அது ஒன்றுதான்.